உள்ளங்கையில் மூன்று

தடதடவென்று வானம் அதிர்ந்தது. களத்தோரம் கட்டியிருந்த இரண்டு எருமைகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி ஓடின.

"வந்துடுச்சிய்யா, வந்துடுச்சி! எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்திக்கொண்டே கான்ஸ்டபிள் காசிநாதன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அந்தப் பக்கத்து ஜனங்கள் ஹெலிகாப்டரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ். பின்னால் சாரம் கட்டியதுபோல் வெறும் கம்பி வால். குமிழின் இரு பக்கமும் வெளியே, சவப்பெட்டி நீளத்துக்கு ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர் கட்டியிருந்தது. பெண்கள் பிள்ளைகளின் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார்கள்.

கம்பவுண்டர் செபாஸ்டின் மட்டும் மேலே பார்க்கவில்லை. அவன் கண்கள் மச்சான் தைரியராஜின் வயிற்றின்மேல் இருந்தன. மத்தியானம் தொட்டபோது மெத்தென்றிருந்த வயிறு, இப்போது பலகைபோல் இறுகிக் கிடந்தது.

அறுபத்தாறாம் வருஷம். ஐப்பசிப் புயல் ஓய்ந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை. புயலுக்குப் பிறகு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் புறப்பட்ட முதல் பஸ், ஆலப்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு மதகின்மேல் ஏறியபோது மதகு இடிந்தது. பஸ் குட்டிக்கரணம் போட்டு வாய்க்காலில் விழுந்தது. அந்த இடத்திலேயே ஆறு பேர் செத்தார்கள். வடக்கே ரோட்டின்மேல் கழுத்தளவுத் தண்ணீர். தெற்கே ரோடே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி அடித்ததில், கொள்ளிடக்கரைக் கிராமங்களுக்கு அரிசி மூட்டை போட்டுக்கொண்டிருந்த ராணுவ ஹெலிகாப்டரை இங்கே திருப்பிவிட்டார்கள். அது இறங்க, தண்ணீர் ஏறாத நெற்களம் ஒன்றுதான் இருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வைக்கோலைப் புகையவிட்டு, நடுவில் நாலு வெள்ளை வேட்டியைப் பரப்பிச் செங்கல் வைத்திருந்தார்கள்.

ஆலப்பாக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டர் வெள்ளத்துக்கு அந்தண்டை மாட்டிக்கொண்டார். மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தவன் செபாஸ்டின் ஒருவன்தான். உயிருக்கு ஆபத்தாய்க் கிடந்தவர்கள் ஐந்து பேர். எழுதிய சீட்டு மழையில் நனைந்துவிடும், வாயால் சொன்னது அவசரத்தில் மறந்துவிடும் என்று, புண்ணுக்குப் போடும் நீல மருந்தைத் தொட்டு ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் நம்பர் போட்டான். அந்த நீலம் சோப்புப் போட்டாலும் ஒரு வாரத்துக்குப் போகாது.

ஒன்று, பஸ் டிரைவர். இரண்டு, ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண். மூன்று, சாமியார்பேட்டை மீன்காரி வேலம்மாள். நான்கு, ராமாமிர்தம் வாத்தியார். ஐந்து, தைரியராஜ்.

மத்தியானம் ஒரு மணிக்கு அது நியாயமான வரிசை.

டிரைவரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றியதும் விமானி செபாஸ்டின் காதில் வாயை வைத்துக் கத்தினான். மலையாளத்துக்காரன். "அரை மணியில் திரும்பி வரும். ரெண்டு பேரை ரெடியா வை. அதுதான் லாஸ்ட் ட்ரிப். இருட்டினா இது பறக்காது."

"அஞ்சு பேரு சார். மிச்சம் மூணு பேரு இருக்காங்க."

"ரெண்டு ஸ்ட்ரெச்சர்தானே இருக்கு? ஒருத்தன் நாளைக்குக் காலைல."

இறக்கைக் காற்றில் வைக்கோல் புகை சிதறியது. ஹெலிகாப்டர் வடக்கே சென்று மறைந்தது.

நாளைக்குக் காலை. செபாஸ்டின் தைரியராஜின் நாடியைப் பிடித்துப் பார்த்தான். உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது. காலை வரைக்கும் தாங்காது. இதைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை.

பையனுக்குப் பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. அக்கா பாத்திமா மேரிதான் வளர்த்தாள். செபாஸ்டினைக் கட்டிக்கொண்டபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "என் தம்பிய நம்ம புள்ளையா நெனச்சிக்குங்க." இப்போது பிரசவத்துக்காகக் கடலூர் செம்மண்டலத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள். அக்காவைப் பார்க்கத்தான் தைரியராஜ் அந்த பஸ்ஸில் ஏறினான்.

"மாமா…" என்று முனகினான் தைரியராஜ். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க… பயந்துக்கும்."

அதற்குப் பிறகு அவனுக்கு நினைவு தப்பியது.

"கம்பவுண்டரு தம்பி!"

நாலு முழம் தள்ளிக் கோணிமேல் கிடந்த வேலம்மாள் கூப்பிட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிதம்பரத்தில் கருவாடு விற்றுவிட்டுத் திரும்பியவள். பஸ்ஸின் இரும்பு சீட்டு அவள் இடுப்பை நசுக்கியிருந்தது. இரண்டு கையும் முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. அவளால் அசைக்க முடிந்தது கழுத்தையும் வாயையும்தான். அந்த வாய் மத்தியானத்திலிருந்து ஓயவில்லை.

"அதுல ஏறினா டிக்கெட்டு எவ்ளோ தம்பி?"

"டிக்கெட்டெல்லாம் கெடையாதுக்கா. சர்க்காரு வண்டி."

"எங்க ஊட்டுக்காரரு இருவது வருசமா கட்டுமரத்துலயே கெடக்குறாரு. நான் ஆகாசத்துல போயி எறங்கினா மனுசன் வாயில ஈ பூந்துடும்." சிரிக்கப் பார்த்தாள். வலி தடுத்தது. "அடுத்தது நாந்தான?"

"ஆமாக்கா. கையில எழுதியிருக்கே."

"எழுதினத நீயே அழிச்சிடமாட்டியே?"

செபாஸ்டின் சுருக்கென்று நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்வை தைரியராஜின்மேல் இருந்தது. களத்தில் பத்துப் பேர் காதில் விழும்படிதானே மத்தியானம் செபாஸ்டின் அவனை "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டு அழுதான்!

"அது அழியாதுக்கா" என்றான்.

நெற்களத்துக் காவல்காரன் பக்கிரி ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடைக்குள் கீச்கீச்சென்று சத்தம். சுவரோரம் வரிசையாகக் கிடந்த ஆறு பிணங்களின் பக்கத்தில் அதை இறக்கினான்.

"என்னாய்யா அது?" என்றார் காசிநாதன்.

"கோழிக்குஞ்சுங்க. இன்னைக்கி சனிக்கெழமையாச்சே, சும்மா அனுப்பக் கூடாதுல்ல? தொணைக்கி ஒரு உசிரு கட்டிடணும். இல்லாட்டி அதுங்களே ஆளு தேடும். ஆறு வீட்டுல கேட்டு வாங்கியாந்தேன்."

ஒவ்வொரு பிணத்தின் கால் கட்டைவிரலிலும் ஒரு குஞ்சை நூலால் கட்டினான். செபாஸ்டினுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சனிக்கிழமையை நினைத்து, கழுத்திலிருந்த ஜெபமாலைச் சிலுவையைத் தொட்டுக்கொண்டான்.

ஐந்தரை மணிக்கு மேற்கே மேகம் கறுத்தபோது மறுபடியும் அந்தத் தடதடப்பு கேட்டது.

செபாஸ்டின் எழுந்தான். களத்தில் விரித்திருந்த வேட்டிகளில் ஒன்று காற்றில் செங்கல்லை உதறிவிட்டு அவன் காலில் வந்து சுற்றியது. அதைக் கையில் எடுத்தான். எதற்கு எடுத்தான் என்று அப்போது அவனுக்கே தெரியாது.

வேலம்மாளின் பக்கத்தில் மண்டியிட்டான். கண்கள் மூடியிருந்தன. முகம் வெளுத்திருந்தது. கழுத்தில் விரலை வைத்தான். சில்லிட்டிருந்தது. நாடி கிடைக்கவில்லை.

இன்னொரு தரம் பார்த்திருக்கலாம்.

பார்க்கவில்லை. வேட்டியை உதறி அவள் முகத்தின்மேல் போட்டான். போடும்போது அவள் உதடு அசைந்ததுபோல் இருந்தது. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் அவன் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

இறக்கைக் காற்று துணியைத் தூக்கிவிடப் பார்த்தது. அவன் அதை இரண்டு பக்கமும் இழுத்து, அவள் தலைக்குக் கீழே இறுக்கிச் செருகினான்.

"என்னா கம்பவுண்டரே?" காசிநாதன் குனிந்தார்.

"முடிஞ்சிடுச்சி."

"இப்பதான பேசிக்கிட்டு இருந்துச்சி?"

"முடிஞ்சிடுச்சின்னா முடிஞ்சிடுச்சி. நாலையும் அஞ்சையும் ஏத்துங்க, சீக்கிரம்!"

வாத்தியாரை இடது பக்க ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். தைரியராஜை வலது பக்கம். ஸ்ட்ரெச்சரின் கித்தான் போர்வையைக் கழுத்துவரை இழுத்து வாரைப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் விவரம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று விமானி செபாஸ்டினைத் தன் பக்கத்தில் ஏறச் சொன்னான். கதவைச் சாத்தும்போது பக்கிரி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"சார்! ஏழாவதுக்குக் குஞ்சு இல்லீங்களே சார்!"

ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பியது.

பனைமர உயரம் போனதும் அது வலது பக்கமாகச் சாய்ந்தது. விமானி இரண்டு கால்களுக்கு நடுவிலிருந்த கைப்பிடியை இடது பக்கம் தள்ளினான். சாய்வு குறையவில்லை.

"அந்த சைடில் யாரு?" என்று கத்தினான்.

"என் மச்சான் சார்."

"எத்தனை கனம்?"

"ஒல்லிப் பையன் சார். நூத்திப் பத்து ராத்தல்கூட இருக்கமாட்டான்."

விமானி அவனை முறைத்தான். "பொய் சொல்லாதே. ரெண்டு ஆள் கனம் இருக்கு."

செபாஸ்டின் குனிந்து வெளியே பார்த்தான். கீழே உப்பளமும் வயலும் ரோடும் ஒரே ஈயத் தகடாய்க் கிடந்தன. தண்ணீருக்கு மேலே பனந்தலைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இயந்திரத்தின் சூட்டு வாடைக்கு நடுவே இன்னொரு வாடை மெல்ல வந்தது. முதலில் இலேசாக. பிறகு மூக்கில் அறைவதுபோல.

கருவாடு.

விமானியும் மூக்கைச் சுளித்தான். "என்ன கொண்டு வந்தே?"

"ஒண்ணும் இல்ல சார்."

ஹெலிகாப்டர் இன்னும் சாய்ந்தது. செபாஸ்டினின் தோள் வலது பக்கக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடிக்கு வெளியே, ஒரு முழ தூரத்தில் தைரியராஜின் ஸ்ட்ரெச்சர். ஏற்றும்போது அவன் உடம்பின்மேல் தளர்ந்து படிந்திருந்த கித்தான், இப்போது வாரைப் பிய்த்துக்கொண்டு வருவதுபோல் விம்மிப் புடைத்திருந்தது.

ஓர் ஆளின்மேல் இன்னோர் ஆள் படுத்திருப்பதுபோல.

"இப்படிப் போனா நாலு பேரும் தண்ணியில்தான்" என்றான் விமானி. நெற்றியில் வியர்வை வழிந்தது. "அதோ மேடு தெரியுது. இறக்கறேன். ஒருத்தனை விட்டுட்டுத்தான் போகணும்."

"யார சார்?"

"கனமா இருக்கிற ஆளை."

"ஐயோ, வேணாம் சார்! விட்டா செத்துடுவான் சார்!"

டக்.

செபாஸ்டின் திரும்பினான்.

டக். டக்.

கித்தானின் ஓரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு மடிப்பில் வளைந்திருந்தது. அவிழ்ந்த கட்டிலிருந்து மூங்கில் பத்தை காற்றில் ஆடியது. விரல் கணுக்கள் கண்ணாடியை மெதுவாக, வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டின. அத்தனை இரைச்சலில் அந்தச் சத்தம் மட்டும் எப்படிக் கேட்டது?

கை நின்றது.

திரும்பியது.

உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

நீல மருந்தில் அவனே எழுதிய மூன்று.

ஹெலிகாப்டர் மேட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேலே எழும்பி வந்தது. செபாஸ்டின் தன் கையைக் கண்ணாடியின் உள்பக்கம், அந்த உள்ளங்கைக்கு நேராக வைத்தான். குளிர் எலும்புவரை ஏறியது.

"அக்கா" என்றான். உதடு மட்டும் அசைந்தது. "மூணு உன்னோடதுதான்க்கா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். நீயும் வா. உனக்கும் எடம் இருக்குது. அவன மட்டும் எறக்கிடாத. நீயும் கூட வா."

கை அசையவில்லை. யோசிப்பதுபோல் இருந்தது.

பிறகு மெல்ல மெல்லக் கித்தானுக்குள் போனது.

புடைப்பு அடங்கியது. ஹெலிகாப்டர் ஒரு குலுக்குக் குலுக்கி நேரே நிமிர்ந்தது. விமானி கைப்பிடியைப் பார்த்தான். செபாஸ்டினைப் பார்த்தான்.

"இப்போ சரியாயிட்டு. நீ என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல சார்."

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். கித்தானை அவிழ்த்தபோது செபாஸ்டின் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தால் ஸ்ட்ரெச்சரில் தைரியராஜ் ஒருவன்தான். சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அன்று இரவே ஆபரேஷன் நடந்தது. மண்ணீரல் கிழிந்திருந்தது. "இன்னும் ஒரு மணி நேரம் தாமதிச்சிருந்தா பொழைக்க வெச்சிருக்க முடியாது" என்றார் பெரிய டாக்டர். சேதி கேட்டு ஓடி வந்த பாத்திமா மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு செபாஸ்டினின் தோளில் சாய்ந்து அழுதாள். "கடவுள் மாதிரி கொண்டாந்து சேத்துட்டீங்க" என்றாள். அவனுக்கு அந்த வார்த்தை முள்ளாய்க் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. தைரியராஜ் இன்னும் கண் விழிக்கவில்லை. பாத்திமா மேரி ஈரத் துணியால் அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க இது, எவ்ளோ தேச்சாலும் போவல?"

"நான்தான் போட்டேன். வரிசை நம்பரு. அஞ்சு."

"அஞ்சா? மூணுல்ல போட்டிருக்குது."

செபாஸ்டின் எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போனான்.

அங்கே காசிநாதன் நின்றிருந்தார். முழங்கால்வரை சேறு. பிணங்களைப் படகிலும் லாரியிலும் ஏற்றிக் கொண்டுவந்தவர். தூக்கமில்லாத கண்கள்.

"மச்சான் எப்படி?"

"பொழச்சிட்டான்."

"நல்லது." கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு கேக்கணும் கம்பவுண்டரே. அந்த மீன்காரி கையில நீங்க நம்பரு போட்டீங்கல்ல? என் கண்ணால பாத்தேன். ராத்திரி பாத்தா அந்தக் கை சுத்தமா இருக்குது. ஒரு சொட்டு நீலம் இல்ல."

"மழையில…"

"போட்டது போவாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அத விடுங்க. மூஞ்சில போட்ட வேட்டிய எடுக்க வரல. பல்லால கடிச்சி இழுத்து வெச்சிருந்துச்சி. பாதி துணி வாய்க்குள்ள கெடக்குது. செத்த பொணம் துணியக் கடிக்குமா?"



"நான் ரிப்போர்ட்டுல எழுதல" என்றார் காசிநாதன். அவன் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

உள்ளேயிருந்து பாத்திமா மேரி கூப்பிட்டாள். "என்னாங்க, ஓடியாங்க! தம்பி முழிச்சிக்கிச்சி!"

ஓடினான். வாசலைத் தாண்டும்போதே அந்த வாடை அடித்தது. யாரோ கட்டிலடியில் கருவாட்டுக் கூடையை வைத்துவிட்டுப் போனதுபோல.

தைரியராஜின் கண்கள் திறந்திருந்தன. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி, அசைக்க முடியாதவன்போல் விறைப்பாக வைத்திருந்தான். அவனுக்குக் கையில் அடியே கிடையாது. கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பியது. அக்காவைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றவனைப் பார்த்தது.

"குளிருது போல இருக்குது புள்ளைக்கி" என்று சொல்லிக்கொண்டே பாத்திமா மேரி வெள்ளைப் போர்வையை அவன் மோவாய்வரை இழுத்துவிட்டாள்.

அவன் உதடு அசைந்தது. நேற்று ஹெலிகாப்டர் இரைச்சலில் அசைந்த அதே அசைவு. இன்றைக்கு இரைச்சல் எதுவும் இல்லை.

"கம்பவுண்டரு தம்பி, மூஞ்சில துணியப் போடாத. எனக்கு இன்னும் மூச்சு இருக்குது."